வெளியீட்டு விழாவுக்கு அடுத்த நாள்: யாழ்ப்பாணத்தில் எழுதியவரே புத்தகம் விற்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகம் வெளிவரும் வழமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 300 அல்லது 500 பிரதி அச்சாகும். ஒரு ஞாயிறு பின்னேரம் மண்டபம் எடுத்து விழா வைப்பார்கள். அன்றைக்கு நூறு, நூற்றைம்பது பிரதி போகும். அடுத்த கிழமை இரண்டு பத்திரிகையில் படம் வரும். மிச்சப் பிரதிகள் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே ஏறிவிடும்.

விழாவுக்கு வந்தவர்கள் உங்களுக்காக வாங்கியவர்கள். சொந்தக்காரர், கூடப் படித்தவர், கூட வேலை செய்தவர், அப்புறம் நாளைக்குத் தங்கள் விழாவுக்கு நீங்கள் வரவேண்டும் என்று நினைக்கும் சக எழுத்தாளர்கள். கலியாண வீட்டு மொய் போல அது ஒரு கொடுக்கல் வாங்கல். அதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வட்டம் ஒரே நாளில் முடிந்துவிடும். மிச்சம் 350 பிரதியும் உங்களைத் தெரியாத, ஆனால் புத்தகத்தில் உள்ள விடயத்தைத் தெரிந்த ஆட்களிடம்தான் போகவேண்டும். அவர்களை எங்கே தேடுவது, எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதும்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைப் புத்தகத்தை வைத்துக்கொள்வோம். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையைக் களமாகக் கொண்ட ஒரு நாவல். 1950 இல் தொடங்கி 1990 இல் யுத்தத்தோடு மூடிய ஆலை அது. எழுதியவர் புதியவர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது.

1. அச்சகத்துக்குப் போகுமுன்

விற்பனையில் பாதி இங்கேயே தீர்மானமாகிறது. முதலில் சர்வதேச நியம நூல் எண் (ISBN). இலங்கையில் இதைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் எண் அது. "உள்ளூரில்தானே விற்கப்போகிறேன், எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நூலகத்துக்கு விற்கும்போதும், விருதுக்கு அனுப்பும்போதும், வெளிநாட்டு நூலகம் ஒன்று கேட்கும்போதும் முதல் கேள்வி அதுதான். அச்சான பிறகு ஸ்ரிக்கர் ஒட்டித் திரிவது பார்க்க நன்றாக இராது.

அடுத்தது விலை. 2022 இல் காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகைகளே பக்கம் குறைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு பழைய கணக்கு எதுவும் பொருந்தாது. ஒரு பேச்சுக்கு, பிரதி ஒன்றின் அச்சுச் செலவு 400 ரூபா என்று வைப்போம். கடைக்காரர் கேட்கும் கழிவு கடைக்குக் கடை மாறும். மூன்றில் ஒரு பங்குவரை போகலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 600 ரூபா விலை போட்டால் கடைக்கு 200 போக உங்கள் கையில் 400. அச்சுச் செலவு வந்துவிட்டது, பெட்ரோல் காசு வரவில்லை. 1,000 போட்டால் கழிவு போக 670, செலவு போக 270. இந்த 270 இல் இருந்துதான் இலவசப் பிரதி, தபால், மண்டபம் எல்லாம் போகவேண்டும். ஆகவே அச்சுச் செலவின் இரண்டரை மடங்குக்குக் குறைவாக விலை போடாதீர்கள். "சனம் வாங்காது" என்ற பயத்தில் விலையைக் குறைத்த புத்தகம் கூடுதலாக விற்று நான் பார்த்ததில்லை.

பின்னட்டையில் பலர் தங்கள் படம், பிறந்த ஊர், படித்த பாடசாலை, பெற்ற பட்டம் எல்லாவற்றையும் போட்டு, மேலே "ஈழத்து இலக்கியப் பரப்பில் புதிய வரவு" என்று ஒரு பேராசிரியரின் வரியையும் வைப்பார்கள். கடையில் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. எங்கள் சீமெந்து நாவலுக்கு இப்படி எழுதலாம்: "சங்கு ஊதினால் ஊரே எழும்பிய காலம். மூன்று ஷிப்ற், ஒரு காதல், ஒரு வேலைநிறுத்தம். 1990 ஆனியில் எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்கள், இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று." இதை வாசித்தவுடன் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த எவருக்கும் கை சட்டைப்பைக்குப் போகும். விற்பவர் இல்லாத இடத்தில் பின்னட்டைதான் பேசவேண்டும். அதனால் அதை எழுதுவதற்கு ஒரு அத்தியாயத்துக்குச் செலவழித்த நேரத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று. எங்கள் அச்சகங்களில் பல இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்கின்றன. பக்க வடிவமைப்பு முடிந்ததும் முழுப் பிரதியையும் எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தெரியும் யூனிகோடில் மாற்றி, பிழை பார்த்து, ஒரு கோப்பாக வாங்கி வையுங்கள். பின்னர் மின்நூல் போட, முகநூலில் ஒரு பந்தி எடுத்துப் போட, இணையத்தில் தேடினால் கிடைக்கச் செய்ய, எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

2. இது யாருடைய புத்தகம்?

ஒரு கொப்பியை எடுத்து, இந்தப் புத்தகத்தில் வரும் ஊர், தொழில், பாடசாலை, கோயில், நோய், விளையாட்டு, சாப்பாடு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதோடு சம்பந்தப்பட்ட ஆட்கள் எங்கே கூடுகிறார்கள் என்று எழுதுங்கள். "இலக்கிய ஆர்வலர்" என்ற சொல் அந்தக் கொப்பியில் வரக்கூடாது.

சீமெந்து நாவலுக்கு: ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள், அவர்களின் பிள்ளைகள், காங்கேசன்துறை, மயிலிட்டி, மாவிட்டபுரம், தெல்லிப்பழை ஊர்ச் சங்கங்கள், அவற்றின் ரொறன்ரோ, லண்டன் கிளைகள், அந்தப் பகுதிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், பல்கலைக்கழகத்தில் தொழிற்சங்க வரலாறு, இடப்பெயர்வு பற்றி ஆய்வு செய்யும் மாணவர்கள், ரயில்வேயில் வேலை செய்தவர்கள். கவிதைத் தொகுப்புக்கும் இது பொருந்தும். அம்மாவைப் பற்றி ஏழு கவிதை இருந்தால் அதற்கும் ஒரு கூட்டம் உண்டு.

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கினார், 1849 இல் அச்சுயந்திரம் கொண்டுவந்தார். பிள்ளைகள் வாங்கில் வந்து இருந்துவிட்டார்கள். அவர்கள் கையில் கொடுக்கத்தான் பாடநூல்கள் அச்சாகின. வாசகர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அச்சடித்தவர் அவர். நாங்கள் அச்சடித்துவிட்டுத் தேடுகிறோம்.

3. வெளியீட்டு விழாவைத் திருப்பிப் போடுங்கள்

மங்கல விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, மூன்று வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை. நாலு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டு நாலே முக்காலுக்குத் தொடங்கினால், ஏற்புரைக்கு எழுத்தாளர் எழும்பும்போது ஏழரை. கதிரைகளில் பாதி வெறுமை. இத்தனை பேர் பேசியும் புத்தகத்தில் இருந்து ஒரு பக்கத்தை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

பேச்சாளர் மூன்று பேர் போதும். நல்ல குரல் உள்ள ஒருவரைக் கொண்டு பத்து நிமிடம் புத்தகத்தில் இருந்து வாசியுங்கள். அதுவும் கதை முடிச்சு விழும் இடத்தில் நிறுத்துங்கள். நாடகம் தெரிந்தவர் எங்கள் ஊரில் தாராளம், கூத்தும் உண்டு, மெய்யான ஊர்ப் பேச்சில் வாசிக்கக்கூடிய அம்மாக்களும் உண்டு. மிச்சத்தை அறிய ஆசைப்படுபவர் வாசலில் வாங்கிக்கொண்டு போவார்.

முதற்பிரதி யாருக்கு? வழமையாக ஒரு வர்த்தகப் பிரமுகர் பெரிய தொகை கொடுத்துப் பெறுவார். அந்தக் காசு அச்சகக் கடனுக்கு உதவும், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு இரண்டாவது பிரதியைக் கொடுங்கள்; முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் குறை நினைக்கமாட்டார்கள். முதற்பிரதியை ஆலையில் வேலை செய்த ஒரு முதியவருக்குக் கொடுங்கள். பத்திரிகைக்காரருக்கு அது செய்தி. பிரமுகர் பிரதி பெறும் படம் வாரம் பத்து வருகிறது.

இனி, வாசல் மேசை. இதை ஒருவரும் கவனிப்பதில்லை. எங்கள் விழாக்களில் புத்தகம் மேடையில்தான் கைமாறும். பெயர் கூப்பிடுவார்கள், கடித உறையில் காசு வைத்துக் கொடுத்து, படம் எடுத்து, பிரதி வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். புத்தக விலையைவிடக் கூடவே உறைக்குள் இருக்கவேண்டும் என்பது எழுதாத விதி. இதனால் நடப்பது என்னவென்றால், கம்பஸ் பிள்ளைகளும் இளம் ஆசிரியர்களும் "உறை கொண்டுவரவில்லையே" என்று கூச்சப்பட்டுப் பின்கதவால் போய்விடுவார்கள். வாசிக்கக்கூடிய ஆட்கள் அவர்கள்தான்.

ஆகவே வாசலில் தனியாக ஒரு மேசை. அதில் பெரிய எழுத்தில் விலை. மாற்றிக் கொடுக்கச் சில்லறை. கைத்தொலைபேசியால் காசு கட்ட லங்காகியூஆர் அட்டை ஒன்று. இரண்டு பேர் இருக்கவேண்டும். ஒருவர் காசு வாங்க, மற்றவர் ஒரு கொப்பியில் பெயர், தொலைபேசி எண், ஊர் மூன்றையும் எழுத. "எந்த ஊர்?" என்று கேட்க மறக்கவேண்டாம். அந்த ஒரு பதிலை வைத்து அடுத்த மூன்று மாத வேலை நடக்கும். எழுத்தாளர் விழா முடிந்ததும் சாப்பாட்டு மேசைக்குப் போகாமல் இந்த மேசைக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும்.

மண்டபம் பற்றி ஒரு வார்த்தை. பொது நூலகக் கேட்போர் கூடம், வீரசிங்கம் மண்டபம் எல்லாம் நல்லவைதான். ஆனால் சீமெந்து நாவலுக்கு நான் என்றால் தெல்லிப்பழையில் ஒரு கோயில் மண்டபத்தை எடுப்பேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் மட்டும் விழா வைக்காதீர்கள். சனமும் வராது, திறந்த பெட்டிக்குள் ஈரமும் ஏறும்.

4. அடுத்த நாள் காலை

கொப்பியில் உள்ள எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதுங்கள். குழுவில் ஒரே செய்தியைப் போட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் அக்கா. நேற்று வந்ததுக்கு மெத்தப் பெரிய நன்றி. நீங்கள் மாவிட்டபுரம் என்று சொன்னீங்கள். 84ஆம் பக்கத்தில் உங்கட ஊர்த் தேர் வருகுது, அதை மட்டும் முதலில் வாசிச்சுப் பாருங்கோ. அந்தக் காலத்து ஆலை ஆட்கள் ஆரையும் தெரிஞ்சால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் போய்ச் சந்திக்கிறன்."

இதில் விற்பனை என்று ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சுவிஸில் உள்ள தம்பிக்கு அனுப்புவார். தம்பி "எங்கை வாங்கலாம்?" என்று கேட்பார். விடயம் அப்படித்தான் நகரும்.

பத்திரிகைகளுக்கு மதிப்புரைக்காக இரண்டிரண்டு பிரதி அனுப்புவது வழமை. உதயன், வலம்புரி, தினக்குரல், வீரகேசரி, சிற்றிதழ் என்றால் ஜீவநதி, ஞானம். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அனுப்பாமல் ஒரு மாத இடைவெளியில் பிரித்து அனுப்புங்கள். ஒரே கிழமையில் நாலு மதிப்புரை வந்து ஓய்வதைவிட, நாலு மாதம் பெயர் அடிபடுவது நல்லது.

5. கடைகள்

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பூபாலசிங்கம் போன்ற பெரிய புத்தகசாலையில் உங்கள் நூல் இருக்கத்தான் வேண்டும்; "எங்கே கிடைக்கும்?" என்ற கேள்விக்கு ஒரு முகவரி தேவை. ஆனால் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"நாவலோ தம்பி? அஞ்சு வைச்சிட்டுப் போங்கோ, பாப்பம்."

"ஓமண்ணை, அஞ்சு காணும். ஒரு கிழமைக்கு மட்டும் முன் மேசையிலை வையுங்கோ. இண்டைக்குப் பேப்பரிலை மதிப்புரை வந்திருக்கு, வெட்டி மட்டையிலை ஒட்டிக் கொண்டந்திருக்கிறன்."

ஐந்து பிரதியோடு வெட்டிய மதிப்புரையையும் கொண்டுபோகிறவருக்கு முன் மேசை கிடைக்கும். கொடுத்த எண்ணிக்கைக்குத் துண்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறை போய்க் கணக்குப் பாருங்கள். கேட்காத காசு வராது. அப்புறம், புத்தகம் விற்காத கடைகளையும் யோசியுங்கள். ஒடியல் கூழும் பிட்டும் பற்றிய சமையல் நூல் என்றால் பனம்பொருள் விற்கும் கடை. பயணம், ஊர் வரலாறு என்றால் வெளிநாட்டுச் சனம் தங்கும் விடுதிகளின் வரவேற்பு மேசை. அங்கே உங்கள் புத்தகத்துக்குப் போட்டியாக வேறு புத்தகமே இராது.

6. பாடசாலை, வாசிகசாலை, நூலகம்

ஊர் தோறும் சனசமூக நிலையம், அதற்குள் ஒரு வாசிகசாலை, பிரதேச சபைக்கு ஒரு நூலகம். இந்த வலைப்பின்னலைப் பயன்படுத்தாமல் விடுவது மடத்தனம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதம் முழுக்க நூலகங்கள் போட்டி வைக்கும், பரிசு கொடுக்கும், பேச்சாளர் தேடும். நீங்கள் ஓகஸ்ட் கடைசியிலேயே நூலகரைப் போய்ப் பார்த்து, "பேச வருகிறேன், காசு வேண்டாம், பரிசுப் புத்தகமாக இருபது பிரதி எடுங்கள்" என்று கேட்கலாம். செப்டெம்பர் இலக்கிய மாதம் என்பதால் பிரதேச செயலக விழாக்களும் அப்போதுதான். ஒக்டோபரில் போய்க் கேட்டால் எல்லாம் முடிவாகியிருக்கும்.

நூலகங்களின் கொள்வனவு ஆண்டுப் பாதீட்டில் நடப்பது. விலைப்பட்டியலை ஒரு தாளில், நூல் எண்ணோடு, தொலைபேசி எண்ணோடு கொடுத்துவிட்டு வாருங்கள். வாய்ப்பேச்சில் சொன்னது கோப்புக்குள் போகாது. யாழ் பொது நூலகத்துக்கு இலவசமாக இரண்டு பிரதி கொடுப்பது வேறு விடயம். 1981 இல் எரிந்த நூலகம் அது, எங்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு கடமை உண்டு. அதை விற்பனையோடு சேர்த்துக் குழப்பவேண்டாம்.

தேசிய நூலக சபை, மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஆகியவற்றின் உதவித் திட்டங்களுக்கும் அரச இலக்கிய விருதுக்கும் விண்ணப்ப அறிவித்தல் பத்திரிகையில் வரும். முடிவுத் திகதி தவறினால் அந்த நூலுக்கு அந்த வாய்ப்பு திரும்பி வராது. ஆகவே பழைய பேப்பரைக் கட்டுமுன் ஒருமுறை புரட்டுங்கள்.

பாடசாலைக்கு அதிபரின் அனுமதியோடு போங்கள். நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று கேட்டு, பிள்ளைகளுக்குக் கதை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுங்கள். அன்றைக்கு அங்கே விற்காதீர்கள். பிள்ளைகள் வீட்டில் காசு கேட்டு அழுதால் ஆசிரியருக்குத்தான் பேச்சு விழும். ஆசிரியர்களின் அறையில் இரண்டு பிரதி வைத்துவிட்டு, பரிசளிப்பு விழா எப்போது என்று மட்டும் கேட்டு வாருங்கள். பரிசுப் புத்தகம் வாங்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு ரீச்சர் கையில் இருக்கும். அவருக்குக் கடை ஏறி இறங்கும் வேலை மிச்சம்.

சிறுவர் நூல் எழுதியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. விஜயதசமியிலும் தைப்பூசத்திலும் கோயில்களில் ஏடு தொடக்குவார்கள். பிள்ளைக்கு முதல் எழுத்து எழுதிய நாளில் ஒரு வடிவான பாட்டுப் புத்தகத்தையும் கையில் கொடுக்க எந்தத் தாய் தகப்பன் மறுக்கும்? குருக்களோடும் பரிபாலன சபையோடும் முதலே கதையுங்கள். உபயகாரர் ஒருவர் ஐம்பது பிரதிக்குப் பொறுப்பெடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகவே போகும், உங்களுக்கும் காசு வரும்.

7. கல்வெட்டும் நினைவுப் பதிப்பும்

இதைச் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. எனக்குத் தயக்கம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் நிற்காமல் அச்சாகும் நூல் கல்வெட்டுத்தான். 31ஆம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர். தேவாரம், திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு, குடும்ப மரம். பலர் வாங்கிக்கொண்டுபோய்ச் சாமி அறையில் வைப்பார்கள், திறப்பது குறைவு. அதனால் இப்போது சில குடும்பங்கள், ஆளுக்குப் பயன்படும் ஒரு நூலையே இறந்தவர் நினைவாகக் கொடுக்க விரும்புகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் சிறுவர் கதை, கமக்காரர் என்றால் வீட்டுத்தோட்டம், ஆலை ஊழியர் என்றால் எங்கள் சீமெந்து நாவல்.

செய்முறை: கையிருப்பில் உள்ள பிரதிகளின் முன்பக்கத்தில் சேர்க்க நாலு பக்கத் தாள் ஒன்று. அதில் படம், பிறப்பு இறப்புத் திகதி, வாழ்க்கைக் குறிப்பு, குடும்பத்தின் நன்றி. அதைத் தனியாக அச்சடித்து ஒட்டினால் சில நாளில் வேலை முடியும். முழுப் புத்தகத்தையும் புதிதாக அடிக்க 31 நாள் காணாது, ஏனென்றால் குடும்பம் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போது இரண்டு கிழமை போயிருக்கும். நூறு பிரதிக்கு மேல் எடுத்தால் என்ன விலை என்று முதலே தீர்மானித்து வையுங்கள்.

ஒரு கட்டுப்பாடு மட்டும். செத்தவீட்டுக்குப் போய் இதைக் கதைக்கக் கூடாது, மரண அறிவித்தல் பார்த்துத் தொலைபேசி எடுக்கவும் கூடாது. கல்வெட்டு அடிக்கும் அச்சகங்களில் மாதிரிப் பிரதி ஒன்றை வைத்து, "இப்படியும் செய்யலாம்" என்று அச்சகக்காரரிடம் சொல்லி விடுங்கள். கேட்கிற குடும்பம் கேட்கும்.

அறுபதாம், எண்பதாம் பிறந்தநாள், பாடசாலை நூற்றாண்டு, கோயில் கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான், துக்கம் இல்லாததால் இன்னும் இலகு.

8. புத்தகத்தை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்

2015 இல் இருந்து ரயில் மறுபடி காங்கேசன்துறை வரை போகிறது. ஒரு ஞாயிறு காலை பதினைந்து, இருபது பேரை யாழ்ப்பாணம் நிலையத்தில் கூட்டிச் சேருங்கள். கொக்குவில், கோண்டாவில், இணுவில் தாண்டும்போது ஒரு பகுதி, மல்லாகம், தெல்லிப்பழை தாண்டும்போது இன்னொரு பகுதி என்று, அந்தந்த ஊர் வரும் பக்கத்தை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டலாம். மற்றப் பயணிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல். கடைசியில் கடற்கரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு ஆலையில் வேலை செய்த ஒருவரின் கதை. ரயில் காசு அவரவர் பாடு. இதற்கு உங்களுக்கு ஆகும் செலவு தேநீர் மட்டும்தான்.

கோட்டையைப் பற்றி எழுதியவர் கோட்டையிலும், நெடுந்தீவைப் பற்றி எழுதியவர் குறிகட்டுவான் படகிலும் இதைச் செய்யலாம். வருபவர்கள் தாங்களே படம் எடுத்துப் போடுவார்கள். வெளியீட்டு விழாவில் விளக்கேற்றும் அறுபது படத்தை நீங்கள் போடுவதைவிட அது பல மடங்கு பேரிடம் போகும்.

கையால் விற்பதற்கும் கூச்சப்படாதீர்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966 இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கியது கஸ்தூரியார் வீதியில் ஒரு சலூனில் இருந்து. இதழைத் தானே தெருத்தெருவாகக் கொண்டு திரிந்து விற்று நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். அவர் செய்த இன்னொரு வேலையைக் கவனியுங்கள்: அட்டையில் எழுத்தாளர்கள், கலைஞர்களின் படத்தைப் போட்டு, உள்ளே அவர்களைப் பற்றிக் கட்டுரை போட்டார். அட்டையில் வந்தவரின் ஊரே அந்த இதழைத் தேடும் அல்லவா?

9. நல்லூரும் வெளிநாடும்

நல்லூர்த் திருவிழா 25 நாள். வெளிநாட்டில் பாடசாலை விடுமுறையும் அதே காலம் என்பதால் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் சனம் எல்லாம் ஊரில். திருவிழாக் கடைக்கு மாநகர சபையிடம் முறைப்படி இடம் எடுக்கவேண்டும், ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அதற்குக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு எழுத்தாளர் சேருங்கள், அல்லது ஏற்கனவே கடை போடும் புத்தகசாலையோடு கதையுங்கள். அங்கே ஓடுவது சமயம், சமையல், சிறுவர் நூல். நாவல் எழுதியவர் கடையை நம்பாமல், வந்திருக்கும் உறவுகளைப் பிடிப்பது நல்லது.

200 பக்கப் புத்தகம் ஒன்று ஏறத்தாழ 300 கிராம். முப்பது பிரதி 9 கிலோ. திரும்பிப் போகிறவரின் பயணப்பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் பனங்கட்டிக்கும் நடுவே அதற்கு இடம் கேட்கலாம். தபாலில் தனித்தனியே அனுப்பினால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். ஆனால் முப்பதையும் அங்கே யார் விற்பது? அதனால் பெட்டி கட்டுமுன் ஊர்ச் சங்கத்தோடு கதைத்து முடிவு செய்யுங்கள். கோடையில் ஒன்றுகூடல், குளிர்காலத்தில் கலைவிழா, எப்படியும் அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கும். அந்த ஊர் வரும் அத்தியாயத்தை மட்டும் சங்கச் செயலாளருக்கு முதலே அனுப்புங்கள். காசுக்கும் சுற்றிவளைக்காத வழி உண்டு: கனடாவில் இருப்பவர் கொக்குவிலில் இருக்கும் தங்கச்சியிடம் சொல்ல, தங்கச்சி உங்கள் வங்கிக் கணக்கில் ரூபாவில் கட்டுவார்.

கொழும்பில் செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியிலும், வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு அறிமுக நிகழ்விலும் புத்தகம் இருந்தால் நல்லது. சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு ஒரு தமிழகப் பதிப்பாளர் மூலம் போனால் மட்டும் பயன், தனியாகப் பெட்டி அனுப்பிப் பயன் இல்லை.

10. கைத்தொலைபேசியில்

இங்கே பலர் செய்வது அட்டைப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது. அதை விடுங்கள். வாசித்துக் குரல் பதியுங்கள், யாழ்ப்பாணப் பேச்சில், இரண்டு மூன்று நிமிடம். இரவு ஷிப்ற் முடிந்து வீட்டுக்கு வாகனம் ஓட்டுகிற பாரிஸ்காரருக்கு வாசிக்க நேரம் இல்லை, கேட்க நேரம் உண்டு. வைபரிலும் வட்ஸ்அப்பிலும் அது கைமாறும். அதே ஒலிக்குப் பழைய படங்களைச் சேர்த்தால் யூரியூப்புக்கும் ஆகும், டிக்டொக்குக்கும் ஆகும். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ஒரே ஒரு தொலைபேசி எண். "உள்பெட்டிக்கு வாருங்கள்" என்று எழுதினால் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

உள்நாட்டு ஓடருக்குப் பொருளைக் கொடுத்துக் காசு வாங்கும் கூரியர் சேவை போதும். அமேசன் கிண்டிலில் தமிழ் மின்நூல் போடலாம். முதலில் சொன்ன யூனிகோட் கோப்பு இப்போது உதவும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எழுதிய நூல் என்றால் இது அவசியம், மற்றதுக்கு அவசரம் இல்லை.

11. கடைசி ஐம்பது பிரதி

கையிருப்பு ஐம்பதுக்கு வந்ததும் இலவசமாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஐந்தைத் தனியாக எடுத்து வையுங்கள். எழுதியவரிடமே பிரதி இல்லாத புத்தகங்கள் இங்கே எத்தனையோ. ஒரு பிரதியில் அச்சுப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் குறித்து வாருங்கள். இரண்டாம் பதிப்பை எண்ணிக்கை பார்த்து அடியுங்கள். நூறு பேர் பெயர் கொடுத்து முன்பதிவு செய்தால் டிஜிற்றல் அச்சில் நூற்றைம்பது காணும்.

இரண்டாம் பதிப்பு வராது என்று தெரிந்தால், 2005 இல் தொடங்கி ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கு அனுமதிக் கடிதத்தோடு ஒரு பிரதியைக் கொடுங்கள். இலவசமாகக் கிடைத்தால் விற்பனை போய்விடும் என்ற பயம், பெட்டியில் பிரதி இருக்கும்வரை நியாயம்தான். அது முடிந்தபின் உங்கள் அடுத்த புத்தகத்துக்கு ஆள் சேர்க்க அதைவிட மலிவான வழி இல்லை. அனுமதிக் கடிதத்தில் உங்கள் மின்னஞ்சலை மறக்காமல் எழுதுங்கள், ஆய்வு மாணவர்கள் தேடி எழுதுவார்கள். அவர்களின் பெயரையும் அந்தக் கொப்பியில் ஏற்றுங்கள்.